பாபி ஜோ ஹில் பறித்த இரண்டு பந்துகள்

'குளோரி ரோடு' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா?" என்று நம் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். நடந்தது, ஆனால் படத்தில் வருகிற மாதிரி அல்ல. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1966 மார்ச் 19. அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான கூடைப்பந்து இறுதி ஆட்டம். இடம் மேரிலாந்து மாநிலத்தின் காலேஜ் பார்க். ஒரு பக்கம் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த கென்டக்கி. பயிற்சியாளர் அடால்ஃப் ரப் அதற்கு முன்பே நான்கு முறை கோப்பை வென்றவர். அணியில் அத்தனை பேரும் வெள்ளையர். மறுபக்கம் டெக்சாஸ் வெஸ்டர்ன். மெக்சிகோ எல்லையை ஒட்டிய எல் பாசோ நகரத்துக் கல்லூரி, பலர் பெயரே கேள்விப்படாதது. அதன் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் அன்று களம் இறக்கிய ஐந்து பேரும் கறுப்பர்கள். மாற்று ஆட்டக்காரர்களாக இறங்கிய இருவரும் கறுப்பர்களே. அணியில் இருந்த மற்றவர்கள் அன்றிரவு ஆடவே இல்லை.

அந்த ஐவரில் ஒருவர் பாபி ஜோ ஹில். உயரம் 5 அடி 10 அங்குலம். கூடைப்பந்தில் அது குள்ளம் என்றே சொல்லலாம். அவர் ஆடிய இடத்துக்கு 'கார்டு' என்று பெயர். பந்தைத் தட்டிக்கொண்டு வருவதும், யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பதும், எதிரணி பந்தைக் கொண்டுவரும்போது முதலில் போய் மறிப்பதும் அவர் வேலை. டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் வளர்ந்து, அயோவா மாநிலத்து இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடிவிட்டு எல் பாசோ வந்தவர். கூட ஆடியவர்களும் அப்படித்தான். நியூயார்க், இந்தியானாவின் கேரி, ஹூஸ்டன் என்று ஆளுக்கொரு ஊர். தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் பல, இவர்களுக்கு அப்போது கதவையே திறக்கவில்லை. டெக்சாஸ் வெஸ்டர்னோ 1955இலேயே கறுப்பின மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டே அங்கே கறுப்பர் ஒருவர் கூடைப்பந்து ஆடினார். ஆகவே படம் காட்டுவது போல எல்லாம் ஹாஸ்கின்ஸ் வந்த பிறகுதான் தொடங்கியது என்பது சரியல்ல. அவர் வந்தது 1961இல். கோப்பை வென்றது ஐந்தாவது பருவத்தில். படத்தில் வந்த முதல் வருடமே வென்றுவிடுகிறார்!

சரி, ஆட்டத்துக்கு வருவோம். முதல் பாதியின் நடுவே இரண்டு அணிகளும் கிட்டத்தட்ட சமமாக இருந்தபோதுதான் அது நடந்தது. கென்டக்கியின் டாமி க்ரான், லூயி டாம்பியர் இருவருமே பந்தைக் கையாள்வதில் கெட்டிக்காரர்கள். சில விநாடி இடைவெளியில் அந்த இருவரிடமிருந்தும் அடுத்தடுத்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி, இரண்டு முறையும் கூடையில் போட்டார் ஹில். கணக்குப்படி நான்கு புள்ளிதான். ஆனால் அதற்குப் பிறகு கென்டக்கி ஒருமுறைகூட முன்னிலைக்கு வரவில்லை. முடிவு 72-65. இரு அணியிலும் சேர்த்து அதிகப் புள்ளி எடுத்தவர் ஹில்: 20.

இன்னொரு கணக்கும் பாருங்கள். களத்திலிருந்து கூடையில் விழுந்த பந்துகள் கென்டக்கிக்கு 27, டெக்சாஸ் வெஸ்டர்னுக்கு 22தான். வித்தியாசம் ஃப்ரீ த்ரோவில். இவர்கள் 34இல் 28 போட்டார்கள், அவர்களுக்குக் கிடைத்ததே 13, போட்டது 11. ஃப்ரீ த்ரோ என்பது நின்று, மூச்சை அடக்கி, பதறாமல் போடுவது. கறுப்பர்கள் ஓடுவார்கள், குதிப்பார்கள், ஆனால் நெருக்கடியில் நிதானமாக ஆடத் தெரியாது என்று அந்தக் காலத்தில் கூசாமல் பேசினார்கள். ஹென்றி ஐபாவிடம் பாடம் கற்ற ஹாஸ்கின்ஸோ தடுப்பாட்டத்தையும் பொறுமையையும்தான் பிள்ளைகளுக்குப் போதித்தார். அந்தப் பேச்சுக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் பார்த்ததில்லை.

அந்தப் போட்டித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஹில்லுக்குக் கிடைக்கவில்லை. நான்காம் இடம் பிடித்த யூட்டா அணியின் ஜெர்ரி சேம்பர்ஸுக்குப் போனது. அவரும் கறுப்பர், புள்ளிகளைக் குவித்தவர், குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

"வரலாற்றை மாற்றிய ஆட்டம்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வகுப்பில் நீங்கள் அப்படி எழுதியிருந்தால் "எப்படி?" என்று ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருப்பேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1963இல், சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகம் நான்கு கறுப்பர்களோடு தொடங்கிக் கோப்பை வென்றிருக்கிறது. அவர்களோடு ஆடுவதற்காக மிசிசிப்பி ஸ்டேட் அணி தன் சொந்த மாநிலத்தை விட்டு ரகசியமாக வெளியேற வேண்டியிருந்தது. ஹாஸ்கின்ஸும் தான் எந்தப் புரட்சியும் நினைக்கவில்லை, நன்றாக ஆடுகிறவர்களை இறக்கினேன், அவ்வளவுதான் என்றே கடைசிவரை சொல்லி வந்தார். வென்ற பிறகு அவருக்கு வந்த கடிதங்களில் வசவுக் கடிதங்களே ஏராளம். கென்டக்கி அணியில் முதல் கறுப்பர் ஆடியது 1970இல்.

எல் பாசோவிலும் எல்லாம் மாறிவிடவில்லை. 1968இல் அங்கே கறுப்பின விளையாட்டு வீரர்கள் நடத்தப்படும் விதத்தைச் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் கடுமையாக விமர்சித்தது. அதே ஆண்டு, பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கு எதிரான போட்டியைப் புறக்கணித்த கறுப்பினத் தடகள வீரர்களைக் கல்லூரி அணியிலிருந்து நீக்கியது. நீக்கப்பட்டவர்களில் ஒருவர் பாப் பீமன். ஆமாம், அந்த அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 8.90 மீட்டர் நீளம் தாண்டிய அதே பீமன்தான். கோப்பை வாங்கிக் கொடுத்தால் தோளில் தூக்குவார்கள், நியாயம் கேட்டால் கீழே இறக்கிவிடுவார்கள்.

ஹில் பெரிய தொழில்முறை ஆட்டக்காரர் ஆகவில்லை. அந்த ஊரிலேயே தங்கி, எல் பாசோ நேச்சுரல் கேஸ் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து மேலாளர் நிலைவரை உயர்ந்தார். 2002 டிசம்பரில், 59 வயதில், காலமானார். படம் வந்தது 2006இல். அந்த அணி முழுவதையும் நெய்ஸ்மித் புகழ்க்கூடத்தில் சேர்த்தது 2007இல். இரண்டையும் பார்க்க அவர் இல்லை.

அந்த ஆட்டத்தின் கறுப்பு வெள்ளைக் காட்சிகள் இணையத்தில் இருக்கின்றன. முதல் பாதியையாவது பாருங்கள். அந்த இரண்டு பறிப்புகளும் வரும் இடத்தில் கண்ணை இமைத்தால் போயிற்று.