மஞ்சள் கூரை டாக்ஸியும் சிங்கப்பூரின் திருட்டு டாக்ஸிகளும்

2010-ல் ஆபீஸ் வேலையாக முதல் தடவை சிங்கப்பூர் போனேன். சாங்கி விமான நிலையத்தை விட்டு வெளியே வரும்போது நள்ளிரவு ஒரு மணி. லிட்டில் இந்தியா போக வரிசையில் நின்றேன். கருப்பு உடம்பு, மஞ்சள் கூரையோடு ஒரு வண்டி வந்தது. ஜேடர்பாளையத்துக்காரன் புத்தி, ஏறுவதற்கு முன்னாடியே "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். வயசான சீன ஓட்டுநர் மீட்டரைக் கைகாட்டினார், அவ்வளவுதான்.

இறங்கும்போது மீட்டரில் ஓடியதை விட அதிகம் கேட்டார். வெளியூர்க்காரன்னு ஏமாத்தறார் என்று நினைத்து குரலை உயர்த்திட்டேன். அவர் கோபப்படவில்லை. வண்டிக்குள் ஒட்டியிருந்த கட்டண விவரத்தைக் காட்டினார். நள்ளிரவு முதல் காலை ஆறு மணிக்குள் போனால் மீட்டர் தொகையில் 50 சதவீதம் கூடுதல். விமான நிலையத்தில் ஏறினால் அதற்குத் தனி. கணக்கு சரியாத்தான் இருந்தது. மன்னிப்பு கேட்டேன். "இது என் சொந்த வண்டி, கம்பெனி வண்டி இல்ல" என்றார். அதை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது.

சிங்கப்பூருக்கு 1880-ல் கைரிக்ஷா வந்தது, 1947-ல் தடையானது. டாக்ஸி ஓட்ட தனி ஆட்களுக்கு 1933 முதல் உரிமம் கொடுத்தார்கள். மஞ்சள் கூரை வண்டிகள் அந்த வகை. ஆனால் ஊர் வளர்ந்த வேகத்துக்கு பஸ்ஸும் போதவில்லை, இந்த டாக்ஸிகளும் போதவில்லை. 1960-களில் உரிமம் இல்லாத 'திருட்டு டாக்ஸிகள்' ஆயிரக்கணக்கில் ஓடின. மீட்டர் கிடையாது. வழியில் நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். நம்மூர் ஷேர் ஆட்டோ கதைதான். சட்டப்படி குற்றம்; ஆனால் வேறு வேலை கிடைக்காத குடும்பங்களுக்கு அதுதான் சோறு.

1970-ல் அரசு இவற்றை ஒழிக்க இறங்கியது. டீசல் கார் வரியை ஏற்றினார்கள், தண்டனையைக் கடுமையாக்கினார்கள். கூடவே தொழிற்சங்கக் காங்கிரஸ் 'கம்ஃபர்ட்' என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கி, அந்த ஓட்டுநர்களுக்கே முறையான டாக்ஸி ஓட்ட வழி செய்தது. சாஃப்ட்வேரில் பழைய சிஸ்டத்தை நிறுத்தும் முன் அதில் இருப்பவர்களைப் புதியதற்கு மாற்றுவோமே, அதே வேலை.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. 1973-க்குப் பிறகு தனி ஆட்களுக்குப் புது உரிமம் கிடையாது. இருப்பவர் வயது வரம்பைத் தொட்டால் அந்த உரிமமும் அவரோடு முடியும், பிள்ளைக்குப் போகாது. கூட்டுறவாக இருந்த கம்ஃபர்ட்டும் 1993-ல் கம்பெனியானது. அடுத்த தலைமுறை ஓட்டுநர்களில் பெரும்பாலோர் தினமும் வாடகை கட்டி ஓட்டுபவர்கள். அந்தப் பெரியவர் "சொந்த வண்டி" என்றதில் இவ்வளவு இருந்தது. அவரிடம்தான் நான் சத்தம் போட்டிருக்கிறேன்.

அதே 1973-ல்தான் சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகம் வந்தது. பஸ்ஸை அரசு ஏற்று நடத்தியது. ஆட்டோவுக்கும் வேனுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வரவில்லை. இன்றைக்கும் எங்க ஊர் அணையைப் பார்க்க வருபவர் கடைசி பஸ்ஸை விட்டுட்டால், முகத்தைப் பார்த்துத்தான் ரேட் சொல்வார்கள். அன்று ராத்திரி நான் கொண்டுபோன சந்தேகம், இங்கிருந்து போனதுதான்.