புதிய பயிற்சியாளர் வந்தால் அணி எழுமா? பசுமலை வழியே ஒரு வரலாற்று ஆய்வு

கல்லூரிக் கால்பந்து அணி மூன்று ஆண்டு தொடர்ந்து தோற்றால் மதுரைப் பக்கம் முதலில் கிளம்பும் பேச்சு, "கோச்சை மாத்துங்க" என்பதுதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பேச்சுக்குப் பின்னால் பெரும் பணமே புரள்கிறது. ஒப்பந்தத்தை நடுவில் முறிக்க ஒரு தொகை, புதியவரைக் கொண்டுவர இன்னொரு தொகை. அங்கே ஆடப்படுவது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அவர்கள் ஊர் ஆட்டம், நம் ஆட்டம் வேறு. ஆட்டம் வேறானாலும் நம்பிக்கை ஒன்றுதான்: ஒரு மனிதர் வந்தால் எல்லாம் மாறிவிடும். இந்த நம்பிக்கை எங்கே பிறந்தது, சான்றுகளின் முன் எவ்வளவு தூரம் நிற்கிறது, தமிழகக் கல்லூரிகளில் ஏன் பலிப்பதில்லை என்ற மூன்றையும் இக்கட்டுரை பார்க்கிறது.

பசுமலையிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. மதுரையில் அமெரிக்கக் கல்விமுறை வேர்விட்ட இடம் அது. திருமங்கலத்தில் 1842இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனின் செமினரி 1845இல் பசுமலைக்கு வந்தது. 1881இல் அங்கே கல்லூரி வகுப்பு தொடங்கியது. அந்தக் கல்லூரி 1904இல் மதுரை நகருக்குள் போய், 1909இல் கோரிப்பாளையத்தில் நிலைபெற்றது. இன்றைய அமெரிக்கன் கல்லூரி அதுதான். பசுமலையில் 1974இல் மன்னர் திருமலை நாயக்கர் கல்லூரி எழுந்தது. மிஷனரிகள் கொண்டுவந்த அமெரிக்கக் கல்லூரி மாதிரியில் விடுதி இருந்தது, ஜெபக்கூடம் இருந்தது. சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் மட்டும் இல்லை. 1881இல் கல்லூரிக் கால்பந்தில் அப்படியொரு பதவி அமெரிக்காவிலேயே உருவாகியிருக்கவில்லை. அக்காலத்தில் ஹார்வர்டிலும் யேலிலும் அணியை நடத்தியவர்கள் மாணவக் கேப்டன்களும் ஆட்டத்தின் மீது பிரியம் விடாத பழைய மாணவர்களும்தான்.

ஒரே பள்ளி, இரண்டு பதவிகள்

அந்தப் பதவி 1892இல் முழு வடிவம் பெற்றது. அவ்வாண்டு வகுப்புகள் தொடங்கிய சிகாகோ பல்கலைக்கழகம், அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்பவரை உடற்பயிற்சித் துறைக்குத் தலைவராக்கிப் பேராசிரியர் தகுதியையும் கொடுத்தது. அணியைத் தேர்வு செய்வது, போட்டிகளை ஏற்பாடு செய்வது, துறையின் பணத்தைச் செலவிடுவது எல்லாம் அவர் கையில். 1932 வரை, 40 ஆண்டுகள், அந்த நாற்காலியில் இருந்தார். சிகாகோவுக்கு முன்பு ஸ்டாக் இருந்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்ததும் அதே பள்ளியில்தான்.

அங்கே படித்த இன்னொருவர் ஹாரி குரோ பக். அவர் சென்னைக்கு வந்து 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றுள்ள கல்லூரியின் மூலம் அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு மேலாளராகச் சென்றவரும் பக்தான். அதுவரை தமிழகப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் ட்ரில் மாஸ்டர், பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த இடத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியரைக் கொண்டுவந்து நிறுத்தினார் பக். நம் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர், மாணவர் வாயில் 'பி.டி. சார்', அந்த மரபில் வந்தவர்.

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கிளம்பிய இரண்டு வழிகள் முற்றிலும் வேறான இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஸ்டாக்கின் வழியில் பயிற்சியாளர் ஒரே விளையாட்டுக்கு உரியவரானார், வெற்றி தோல்விக்குப் பொறுப்பானவரானார், பின்னாளில் தோற்றால் வெளியேறவேண்டியவருமானார். பக்கின் வழியில் வந்த இயக்குநர் எல்லா மாணவருக்கும் எல்லா விளையாட்டுக்கும் பொறுப்பு. கபடி, கைப்பந்து, தடகளம், ஆண்டு விளையாட்டு விழா எல்லாவற்றோடும் கால்பந்தும் ஒன்று. கல்வி நோக்கில் பக்கின் வழியே மேலானது என்பது என் கருத்து. ஆனால் அந்த வழியில் வந்த ஒருவரிடம் ஸ்டாக்கின் வழிக்குரிய விளைவை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

விடுதலைக்குப் பிறகு இந்தப் பிளவு இன்னும் ஆழமானது. 1953இல் ராஜ்குமாரி பயிற்சித் திட்டமும் 1961இல் பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனமும் வந்தன. பாட்டியாலாவில் டிப்ளமோ முடித்து 'என்.ஐ.எஸ். கோச்' என்ற புதிய வகையினர் வெளியே வந்தார்கள். ஆட்ட நுணுக்கம் கோச்சிடம், நிரந்தர வேலையும் கையெழுத்தும் பி.டி.யிடம், மாணவர் சேர்க்கை முதல்வரிடமும் நிர்வாகக் குழுவிடமும். ஸ்டாக் ஒருவர் கையில் இருந்த அதிகாரம் இங்கே மூன்றாக உடைந்தது.

ஷாக்நெஸ்ஸி சோதனை

பயிற்சியாளர் மாற்றத்தின் பலனை அளப்பதில் ஒரு பெரிய சிக்கல்: அதே அணி பழையவரோடு தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க முடியாது. வரலாறு சில சமயம் தானாகவே ஒரு சோதனையை நடத்தித் தருகிறது. ஸ்டாக்குக்குப் பிறகு 1933இல் சிகாகோவுக்கு வந்த கிளார்க் ஷாக்நெஸ்ஸியின் கதை அப்படிப்பட்டது.

அவர் வந்தபோதே அணி சரிவில் இருந்தது. ஸ்டாக் கடைசியாகக் கூட்டமைப்புப் பட்டம் வென்றது 1924இல். பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸுக்கு இந்த ஆட்டத்தின் மீது மரியாதையே இல்லை. ஆட்டக்காரர்களுக்காகச் சேர்க்கையில் எந்தத் தளர்வும் இல்லை. 1939இல் மிச்சிகனிடம் 85-0 என்று தோற்றார்கள். ஹார்வர்டிடமும் ஒஹாயோ ஸ்டேட்டிடமும் 61-0. அந்த டிசம்பரில் ஹட்சின்ஸ் அணியையே கலைத்துவிட்டார்.

வேலை இழந்த ஷாக்நெஸ்ஸியை ஸ்டான்ஃபோர்டு அழைத்தது. 1939இல் ஒரே ஒரு ஆட்டம் வென்று 7 தோற்ற அணி அது. 85-0 தோல்விக்காரரையா கொண்டுவருகிறார்கள் என்று அன்று யாராவது சிரித்திருந்தால் குற்றம் சொல்ல முடியாது. அவர் வழக்கொழிந்ததாகக் கருதப்பட்ட 'டி' வியூகத்தைப் புதுப்பித்துக் களமிறக்கினார். 1940இல் ஸ்டான்ஃபோர்டு ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. 1941 புத்தாண்டு நாளில் ரோஸ் பவுல் ஆட்டத்தில் நெப்ராஸ்காவை 21-13 என வென்று, 10 ஆட்டங்களில் 10 வெற்றியோடு முடித்தது. மனிதர் அதே மனிதர், இடையில் ஓராண்டுகூட இல்லை. ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்கி ஆல்பர்ட், நார்ம் ஸ்டாண்ட்லீ போன்ற திறமைசாலிகள் தங்களுக்குப் பொருந்தாத முறையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். சிகாகோவில் திருத்தவேண்டிய முறையும் இல்லை, ஆட ஆட்களும் இல்லை.

ஆகவே புதிய பயிற்சியாளர் எழுப்புவது உறங்கிக்கிடக்கும் திறமையை. இல்லாத திறமையை அவர் படைப்பதில்லை. பிற்கால ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. அமெரிக்கக் கல்லூரி அணிகளை வைத்து ஆட்லர், பெர்ரி, டோஹர்ட்டி மூவரும் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மிக மோசமாக ஆடிய அணிகளில் பயிற்சியாளரை மாற்றியவையும் மாற்றாதவையும் பின்னர் ஏறத்தாழ ஒரே மாதிரி ஆடின. நடுத்தர அணிகளில் மாற்றியவை, மாற்றாதவற்றைவிடக் கீழே போயின. நெதர்லாந்து கால்பந்தை ஆராய்ந்த பாஸ் டெர் வீல் 2011இல் எழுதியதும் இதை ஒட்டியதே. அணி அடிமட்டத்தில் கிடக்கும்போதுதான் ஆளை மாற்றுவார்கள். அடிமட்டத்திலிருந்து அடுத்த ஆண்டு கொஞ்சம் மேலே வருவது இயல்பு. அந்த இயல்பின் பெருமை புதியவர் கணக்கில் ஏறிவிடுகிறது.

ஹைதராபாத், சென்னை, மதுரை

இந்தியக் கால்பந்தில் 'ஒரு மனிதர் வந்தால்' என்று பேசுபவர்கள் முதலில் சொல்லும் பெயர் சையத் அப்துல் ரஹீம். ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து 5 முறை வென்றது. 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியா தங்கம் வென்றதும் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பிடித்ததும் அவர் காலத்தில். இவற்றையெல்லாம் அடுக்குபவர்கள் ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றபோதும் பயிற்சியாளர் அவர்தான். இன்றைய வழக்கப்படி விமான நிலையத்திலேயே பதவி போயிருக்கும். அன்று போகவில்லை, நான்கு ஆண்டில் மெல்போர்ன் வந்தது. இன்னொன்று, ரஹீம் 1943 முதல் இறக்கும்வரை ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளரும்கூட. தன் ஊர் ஆட்டத்தை நிர்வகிப்பதும் ஆட்டக்காரர்களை உருவாக்குவதும் ஒருவர் கையில் இருந்தன. 1963இல் அவர் இறந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வெல்லவில்லை.

நம் காலத்துக்கு வந்தால் சென்னையின் எஃப்.சி. அணியே ஓர் ஆய்வுக்கூடம். 2017-18இல் ஜான் கிரகரி வந்த முதல் ஆண்டே ஐ.எஸ்.எல். பட்டம். அடுத்த ஆண்டு அதே கிரகரியின் கீழ் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு கடைசி இடம். 2019-20இல் முதல் 6 ஆட்டங்களில் ஒரே வெற்றி, கிரகரி விலகினார். டிசம்பரில் ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் கோயில் வந்தார். அணி நான்காவதாக முடித்தது, அரையிறுதியில் கோவாவை 6-5 என்ற மொத்தக் கணக்கில் வென்றது, 2020 மார்ச் 14 அன்று ஆளில்லா மைதானத்தில் நடந்த இறுதியில் ஏ.டி.கே.விடம் 3-1 என்று தோற்றது. கொண்டாடவேண்டிய மீட்சிதான். ஆனால் அந்தப் பருவத்தில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும், ஆட்டத்தை நடத்திய கிரிவெல்லாரோவும் கோயில் வருமுன்பே அணியில் இருந்தவர்கள். 2023இல் கோயில் மறுபடி சென்னைக்கு வந்தார். 2024-25இல் 13 அணிகளில் 11ஆம் இடம். ஷாக்நெஸ்ஸி இரண்டு கல்லூரிகளில் காட்டியதைக் கோயில் ஒரே அணியில் காட்டிவிட்டார்.

கோவையில் ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19 ஐ-லீகை வென்றபோது சிங்கப்பூர் பயிற்சியாளர் அக்பர் நவாஸைப் புகழ்ந்தோம். பெட்ரோ மான்சியும் நெஸ்டர் கோர்டில்லோவும் அவரோடு அதே ஆண்டு வந்தவர்கள் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். சில ஆண்டுகளில் அந்த அணி ஐ-லீகிலேயே இல்லை.

மதுரைக்கு மிக அருகில் இருக்கும் சான்று பெண்கள் ஆட்டத்தில் இருக்கிறது. மதுரையைத் தளமாகக் கொண்ட சேது எஃப்.சி., 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைப் பெற்றது. பயிற்சியாளர் கேரளத்தின் அம்ருதா அரவிந்த். அணியில் நேபாளத்தின் சபித்ரா பண்டாரியும் கடலூரின் இந்துமதி கதிரேசனும் இருந்தார்கள். ஆண்கள் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி மணிக்கணக்கில் கவலைப்படும் மதுரை, தன் பெயரில் நின்ற இந்தத் தேசியப் பட்டத்தைப் போதுமான அளவு பேசவில்லை. அம்ருதாவின் பங்கு உண்மையானது. யாரை எங்கிருந்து அழைப்பது என்ற முடிவை அணி எடுக்க முடிந்ததால்தான் அந்தப் பங்குக்குப் பலன் கிடைத்தது.

பசுமலைக் கணக்கு

பசுமலையில் ஒரு கல்லூரி அணி சரிந்துகிடக்கிறது, புதியவர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டப்படிப்பு மூன்று ஆண்டு. ஒவ்வோர் ஏப்ரலிலும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஆட்டக்காரர்கள் வெளியேறுவார்கள். ஜூனில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் யாரைச் சேர்ப்பது என்பதில் அவர் சொல் எடுபடாவிட்டால், வந்து சேர்ந்தவர்களை வைத்தே ஓட்டவேண்டும். கட்டணச் சலுகையும் விடுதி இடமும் மெஸ் சாப்பாடும் தரும் கல்லூரிக்கே நல்ல பையன்கள் போகிறார்கள். அவற்றைத் தரும் அதிகாரம் கோச்சிடம் இல்லை. இதைவிடப் பெரிய சிக்கல் போட்டி முறை. கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டங்கள் பெரும்பாலும் நாக்-அவுட். முதல் ஆட்டத்தில் ஒரு பெனால்டி தவறினால் ஆண்டு முடிந்தது. அமெரிக்கக் கல்லூரி அணி ஒரு பருவத்தில் ஒரு டஜன் ஆட்டம் ஆடுகிறது. ஷாக்நெஸ்ஸிக்குத் தன் வியூகத்தைத் திருத்திக்கொள்ள வாரம் ஒரு வாய்ப்பு கிடைத்தது. நம்மவருக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு. அதை வைத்து ஒருவரின் திறமையை எடைபோடுவது சீட்டு எடுப்பது போலத்தான்.

எனவே நிர்வாகக் குழுக்கள் அடுத்த பயிற்சியாளரைத் தேடுமுன் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைத்துக்கொள்ளவேண்டும். ஜூன் மாதச் சேர்க்கையில் அவர் சொல்லுக்கு எத்தனை இடம்? ஜூலை முதல் பிப்ரவரி வரை அணிக்கு எத்தனை ஆட்டம்? முதல் கேள்விக்குப் பதில் நிர்வாகத்தின் கையிலேயே இருக்கிறது. இரண்டாவதற்கு, மதுரை, திருமங்கலம், திருப்பரங்குன்றம் வட்டாரக் கல்லூரிகள் ஒன்றுகூடி வார இறுதி லீக் ஒன்றை நடத்தினால் போதும். பெரிய செலவு ஏதும் இல்லாத காரியம் அது. இரண்டுக்கும் பதில் 'ஒன்றுமில்லை' என்றால் இருக்கிற பி.டி. சாரையே இருக்க விடுங்கள்.