வியர்வை உப்பின் வரலாறு

1948ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் நகரை வெப்ப அலை வாட்டியது. வெப்பத்தால் துவண்டு மருத்துவமனை சேர்ந்த குழந்தைகளுள் பலர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபுநோய் உடையவர்கள். இதன் காரணத்தைத் தேடிய மருத்துவர் டி சாண்ட் ஆக்னீஸும் உடன் ஆய்வாளர்களும், அந்நோயாளரின் வியர்வையில் சோடியமும் குளோரைடும் இயல்பைவிட மிகுந்திருப்பதை 1953இல் வெளியிட்டனர்.

வியர்வையைச் சேகரிப்பது அப்போது எளிதன்று. 1959இல் கிப்சனும் குக்கும் பைலோகார்ப்பின் மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் தோலினுள் செலுத்தி, வேண்டிய இடத்தில் வியர்வையைச் சுரக்கச் செய்தனர். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேற்பட்ட குளோரைடு இன்றும் அந்நோயைச் சுட்டும் அளவாக உள்ளது.

2016இல் பெர்க்லியில் அலி ஜாவேயின் குழு, சோடியம், பொட்டாசியம், குளுக்கோஸ், லாக்டேட் ஆகியவற்றை ஒருசேர அளக்கும் உணரிப்பட்டையை அறிவித்தது. அதன் சோடிய மின்முனை, செறிவு பத்து மடங்கு மாறினால் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் மாற்றம் காட்டும் நெர்ன்ஸ்ட் விதியைச் சார்ந்தது.

ஆயினும் வியர்வை விரைந்து சுரந்தால், நாளம் சோடியத்தை மீள உறிஞ்சப் போதிய நேரம் கிட்டாது, செறிவு உயரும். ஆகவே சுரப்பு வேகத்தை அறியாமல் பட்டை காட்டும் எண், துல்லியமாக இருந்தும் உடல்நிலையைத் தவறாக உரைக்கக்கூடும். அளவிடும் கருவி சிறுத்துவிட்டது. அளவைப் பொருளுணர்ந்து படிக்கும் பொறுப்பு சிறுக்கவில்லை.