படகிலிருந்து சுவருக்கு

புது டிவி வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் முட்டுக்கொடுத்து வரும் தெர்மாகோல் நமக்குப் பழக்கமான பொருள். ஜெர்மனியில் அதே பொருளைப் பலகைகளாக்கி வீட்டின் வெளிச்சுவர் முழுக்க ஒட்டி, மேலே பூசிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் அறைக்குள் மூட்டிய சூடு வெளியே ஓடிவிடக்கூடாது என்பதற்காக. அது சுவரேறி வந்த கதையில் பாதி, கடலில் நடந்தது.

காற்றைச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்துவைத்திருக்கும் பொருள் தண்ணீரில் மிதக்கும். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அதே பொருள் சூட்டையும் காக்கும். மிதவை செய்யப் போனவர்கள் திரும்பத் திரும்பச் சுவரில் வந்து முட்டியதற்குக் காரணம் இதுதான்.

1890-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஜான் டி. ஸ்மித் என்ற படகுக்காரர், உயிர்காப்பு மிதவைகளுக்குள் தக்கைத் தூளை அடைத்து விற்றுவந்தார். தூள் அடைத்த தகரக் குழாய் ஒன்று உருண்டுபோய் அடுப்புத் தணலில் விழுந்தது, யாரும் கவனிக்கவில்லை. காலையில் பார்த்தால், தூள் எரிந்து சாம்பலாகாமல் பழுப்பு நிறக் கட்டியாக இறுகிக் கிடந்தது. தக்கையில் இயற்கையாகவே இருக்கும் பிசின் சூட்டில் இளகி, தானே பசையாகியிருந்தது. ஸ்மித் காப்புரிமை வாங்கினார். குளிர்பதனக் கிடங்குகளின் சுவர்களுக்குத் தக்கைப் பலகைகள் ஏறின. போர்ச்சுகலின் தக்கை மரங்களுக்கு யோகம் அடித்தது. அந்த மரத்தை வெட்டுவதில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரிக்கிறார்கள், அது மறுபடி வளர்கிறது.

அதே காலத்தில் பாஸ்டனில் சாமுவேல் காபட் கடற்புல்லை உலர்த்தி, காகிதங்களுக்கு நடுவே வைத்துத் தைத்து, மெத்தைபோலச் சுருட்டி விற்றார். பாக் நீரிணையில் ஆவுளியா மேயும் புல்லுக்கு இது உறவு. எளிதில் மட்காது, சுலபமாகத் தீப்பற்றாது. 1911-இல் அண்டார்க்டிகாவில் பிரிட்டிஷ் பயணி ஸ்காட்டின் குழுவினர் எழுப்பிய குடிலின் சுவர்களுக்குள்ளும் இப்படித் தைத்த கடற்பயிர்தான். 1930-களில் ஒரு நோய் வந்து அட்லாண்டிக் கரையோரக் கடற்புல்லைப் பெருமளவு அழித்தது.

அடுத்தவர் ஸ்வீடனின் கார்ல் மண்டர்ஸ். மாணவராக இருந்தபோதே நண்பர் ஒருவருடன் சேர்ந்து, நகரும் உறுப்பே இல்லாத குளிர்பெட்டியைக் கண்டுபிடித்தவர். குளிரைக் காக்க வழி தேடியவர், பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை நுரையாக்கிக் காப்புரிமையும் பெற்றார். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் அமெரிக்காவின் டௌ நிறுவனத்தில் ரே மெக்கின்டயர் ரப்பருக்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்தார். கலவை பொங்கி நுரைத்துவிட்டது. விசாரித்தால், மண்டர்ஸ் முந்தியிருந்தார். டௌ உரிமையை விலைகொடுத்து வாங்கியது. முதலில் அது போன இடம் மறுபடியும் கடல்தான்: அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் உயிர்காப்புத் தெப்பம்.

நமது தெர்மாகோலின் நேரடி மூதாதை ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவன ஆய்வகத்தில், ஷூ பாலிஷ் டப்பா ஒன்றில் பிறந்தது. ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி சோதனைக் கலவையை டப்பாவில் ஊற்றி, உலர்த்தும் அடுப்பில் வைத்து மறந்துபோனார். திரும்பி வந்தபோது, மூடியைத் தலையில் சுமந்தபடி வெள்ளை நுரைத் தூண் ஒன்று எழுந்து நின்றிருந்தது. அதில் சுமார் 98 சதவீதம் காற்று.

1957-இல் பெர்லினில் ஒரு வீட்டுச் சுவரில் இது ஒட்டப்பட்டபோது, எண்ணெய் மலிவாகக் கிடைத்ததால் பெரிய வரவேற்பில்லை. 1973-இல் எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானது. 1977-இல் மேற்கு ஜெர்மனி கட்டடங்களுக்கு வெப்பக்காப்பு விதிகளைக் கொண்டுவந்தது. 1991-இல் டார்ம்ஸ்டாட் நகரில் வொல்ஃப்காங் ஃபைஸ்ட் நான்கு வீடுகள் கட்டுவித்தார். சுவருக்கு வெளியே 27.5 சென்டிமீட்டர் நுரை. இந்த வகை வீட்டில் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டு முழுவதும் சூடேற்ற ஒன்றரை லிட்டர் எண்ணெய்க்கு நிகரான ஆற்றல் போதும். ஒரு பொருளால் இதைவிட என்ன செய்துவிட முடியும்?

ஆனால் நுரை எரியும். 2017 ஜூனில் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கோபுரத்தில் பற்றிய தீயில் 72 பேர் மாண்டார்கள். முதல் குற்றவாளி நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினிய மேலுறைத் தகடு. அதன் பின்னால் இருந்த வேறுவகை நுரைப்பலகைகளும் தீக்குத் துணைபோயின. சூட்டை அளந்த அக்கறையோடு தீயையும் அளந்திருக்கவேண்டும். மறு ஆண்டே இங்கிலாந்து, 18 மீட்டருக்கு மேல் உயரும் குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள்களுக்குத் தடை விதித்தது. அங்கே இப்போது பாறையை உருக்கி இழையாக்கிய கல்கம்பளி ஏறிக்கொண்டிருக்கிறது.