தக்ளியில் பிறந்த கணக்கு

செய்து கற்கும் முறை நேற்று வந்த புதுமை என்று எண்ணுவோர் உளர். நம் கிராமப் பள்ளிகளில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு.

ஜான் டூயி 1896-இல் சிகாகோவில் ஒரு சோதனைப் பள்ளி தொடங்கினார். நம் நாட்டிலோ அக்கருத்து தக்ளியைக் கைக்கொண்டு வந்தது. 1937 அக்டோபரில் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கூடிய மாநாடு, கைத்தொழில் வாயிலாகவே கல்வி அமைதல் வேண்டும் என்றது. பாடத்திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழுவில் யாழ்ப்பாணத்து ஆரியநாயகமும் தஞ்சையிற் பிறந்த குமரப்பாவும் இருந்தனர் என்பது நமக்குப் பெருமை.

நூற்பதில் என்ன கல்வி என்பீர்கள். 840 கெஜ நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குமோ, அதுவே நூலின் நம்பர். ஒரு சிறுவன் நூற்ற 168 கெஜம், பவுண்டில் நூறில் ஒரு பங்கு எடை உடையதாயின், அது எத்தனையாம் நம்பர்? இருபது. பின்னமும் விகிதமும் அவன் விரலிலேயே வந்து நிற்கின்றன. வறண்ட நாளில் இழை அடிக்கடி அறுவதேன் என்று அவன் வினவினால், ஆசிரியர் காற்றின் ஈரத்தைப் பற்றிக் கூறியாக வேண்டும். பல பள்ளிகளில் நூற்பு நின்றது, வினா நிற்கவில்லை. வருந்தத்தக்க செய்தி அது.

1953-இல் இராஜாஜி அரசு, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் சிறுவர் பெற்றோர் தொழிலைப் பயிலச் செய்தது. மக்கள் அதனைக் குலக்கல்வி என்று எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அந்த அச்சம் நியாயமானதே என்பது என் கருத்து. வார்தாவில் தொழில் அறிவுக்கு வாயில். இங்கோ ஆசிரியர் இல்லாத இடத்தில் தொழில் மட்டுமே எஞ்சியது. குயவர் மகன் குயவனாகவே நிற்பதற்கு அரசு வழி செய்தல் தகுமா?

தந்தை தொழிலைத் தீண்டாமலே கையால் கற்பிக்கலாம் என்பதை மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் காட்டியது. 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டத்தில் மண்ணும் இலையும் விதையுமே கருவிகள். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். 2002-இல் மாநில அரசு அதனை நிறுத்தியது.

எங்கள் காட்டுப்பாக்கத்திற்குச் சிறிது தொலைவில் செம்பரம்பாக்கம் ஏரி உள்ளது. முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 12 அடி நிற்கையில் பாதி நீர் இருக்குமா? இராது, ஏரியின் அடி மேற்பரப்பினும் குறுகியது. எவ்வளவு குறையும் என்பதை, நாளிதழில் வரும் நீர்மட்டத்தையும் இருப்பையும் ஓராண்டு குறித்து, வரைபடத் தாளில் நீங்களே வரைந்து காணலாம்.