அமராவதிக் கரையில் இரு வங்கிகள்

சேரர் தலைநகராகிய வஞ்சி இன்றைய கரூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த உரோமானியக் காசுகள் அவ்வூரின் பழைய வாணிகத்துக்குச் சான்று பகர்கின்றன. ஆயினும், காசு ஓர் ஊருக்கு வந்து சேர்வது ஒன்று. வந்த காசு அவ்வூர்த் தொழிலுக்கே முதலாகித் திரும்புவது வேறொன்று. பின்னதற்கு வழி கண்டதே இருபதாம் நூற்றாண்டுக் கரூரின் சிறப்பு.

அதன் பின்னணியைச் சென்னையிலிருந்து தொடங்க வேண்டும். 1906 அக்டோபரில் ஆங்கிலேயரின் ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்தது. அதை நம்பிப் பணம் போட்டிருந்த குடும்பங்கள் பல நிலைகுலைந்தன. தம் மக்களின் சேமிப்பைத் தாமே காக்க வேண்டும் என்னும் எண்ணம் அப்போது வலுப்பெற்றது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயல, 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அதே ஆண்டில் பாரதியின் தேசப் பாடல்களை அச்சிட்டு இலவசமாக வழங்கியவரும் அவரே என்பது நினைக்கத்தக்கது. பாட்டும் பணமும் ஒரே சுதேசிய உணர்வில் சந்தித்த காலம் அது.

சிற்றூர்களும் வாளா இருக்கவில்லை. கும்பகோணத்தில் 1904இலேயே ஒரு வங்கி தோன்றியிருந்தது. தூத்துக்குடியில் 1921இல் தொடங்கிய நாடார் வங்கி, பின்னர்த் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி ஆயிற்று. கரூரோ பத்தாண்டு இடைவெளியில் இரு வங்கிகளை ஈன்றது. மு. அ. வெங்கடராம செட்டியாரும் ஆதி கிருஷ்ண செட்டியாரும் 1916இல் கரூர் வைஸ்யா வங்கியை நிறுவினர். வி. எஸ். என். இராமலிங்க செட்டியாரும் அவருடன் சேர்ந்த வணிகர்களும் 1926இல் இலட்சுமி விலாஸ் வங்கியைத் தொடங்கினர். சுற்றுவட்டாரத்து வணிகர்க்கும் சிறு உழவர்க்கும் கடனுதவி செய்வதே இவற்றின் தொடக்க நோக்கம்.

வங்கிக் கடன் ஒரு வட்டாரத்தை வளர்ப்பது எங்ஙனம்? நெசவுத் தொழிலில் கூலி வாரந்தோறும் வேண்டும். நூலுக்கு முன்பணம் வேண்டும். வெளியூருக்கு அனுப்பிய துணிக்குரிய பணமோ மாதங்கள் கழித்தே வரும். இந்த இடைவெளியைத் தாண்ட இயலாதவன் தறியை நிறுத்துவான். அல்லது கடுவட்டிக்குக் கைந்நீட்டுவான். உண்டியலின் பேரிலும் கிடங்குச் சரக்கின் ஈட்டின் பேரிலும் வங்கி தரும் கடன் அந்த இடைவெளிக்குப் பாலமாகிறது. யார் நாணயமானவர், எவர் சரக்கு விலைபோகும் என்பதை உள்ளூர் வங்கியார் கடைத்தெருவிலேயே அறிந்திருந்தனர். அந்த அறிவும் ஒருவகை முதலே. கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியும் பேருந்துக் கூடு கட்டும் தொழிலும் கொசுவலை உற்பத்தியும் தழைத்தமைக்கு வங்கி ஒன்றே காரணம் என்பது மிகை. உழைப்பும் கைத்திறனும் முன்னமே இருந்தன. அவை தடையின்றி ஓடக் கடன் வாய்க்கால் வெட்டியது.

அவ்வாய்க்கால் எல்லா வயலுக்கும் பாய்ந்ததா என்பதும் கேட்கத்தக்கது. ஈடு வைக்கச் சரக்குடையோர்க்கே வங்கிக் கதவு எளிதில் திறந்தது. இந்திய ஊரகக் கடன் குறித்த 1951-52ஆம் ஆண்டு ஆய்வு, உழவர் பெற்ற கடனில் வணிக வங்கிகளின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று காட்டிற்று. பெரும்பகுதி வட்டிக்காரர் கையிலேயே இருந்தது. 1969 ஜூலை 19 அன்று 14 பெருவங்கிகள் நாட்டுடைமையானதற்கு இக்குறையும் ஒரு காரணம். ஐம்பது கோடி ரூபாய் வைப்புத்தொகையை எட்டாத கரூர் வங்கிகள் தனியார் வசமே நின்றன. வங்கியுள்ள ஊரில் ஒரு கிளை திறக்க விரும்பினால், வங்கியில்லா ஊர்களில் நான்கு திறக்க வேண்டும் என 1977இல் வந்த விதி, 1990 வரை நடப்பிலிருந்தது. கிளைகள் சிற்றூர்களை எட்டின. எனினும், ஓரூரில் திரட்டிய வைப்பு அவ்வூருக்கே கடனாகத் திரும்புகிறதா என்ற கேள்வி கிளை திறப்பதால் மட்டும் தீரவில்லை.

இரு வங்கிகளின் பிற்கால வழிகள் இக்கேள்விக்கு வேறொரு பக்கத்தைக் காட்டுகின்றன. பெருநிறுவனங்களுக்குத் தந்த கடன்கள் வாராக்கடனாகப் பெருகவே, இலட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. வைப்பாளர் பணம் காக்கப்பட்டது. பங்குதாரர் முதல் முற்றும் நீக்கப்பட்டது. 94 ஆண்டுகள் வாழ்ந்த பெயர் மறைந்தது. அதனினும் பத்தாண்டு மூத்த கரூர் வைஸ்யா வங்கி, நூற்றாண்டைக் கடந்து கரூரையே தலைமையிடமாகக் கொண்டு நிற்கிறது.

ஆற்று மணலில் புதைந்த காசு வரலாற்றுச் சான்றாகும், சோறாகாது. கை மாறும் காசே தறியை இயக்கும். அதைக் கை மாற்றுவது நம்பிக்கை. 1906இல் சென்னையில் முறிந்ததும், 1916இல் கரூரில் கட்டப்பட்டதும் அதுவே.