கலப்பற்றும் ரெசினும்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் கண்டலம குளத்திலும், அம்பன் கங்கையை மறித்த போவத்தன்ன, மொரகஹகந்த நீர்த்தேக்கங்களிலும் வள்ளங்கள் ஓடுகின்றன. ஓடுகிற வள்ளம் ஒருநாள் ஒழுகத்தான் செய்யும். 1952இல் திலாப்பியா இலங்கைக்கு வந்த பிறகே உள்நாட்டுக் குளங்களில் மீன்பிடி பெருந்தொழிலானது. வள்ளங்கள் மேட்டுநிலத்துக்கு ஏறின. அவற்றின் ஓட்டை அடைக்கும் கைத்தொழில் கரையோரத்திலேயே தங்கிவிட்டது.

அந்தத் தொழிலின் பெயர் கலப்பற்று. பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள மூட்டில் எண்ணெயில் தோய்த்த பஞ்சுத் திரியை மழுங்கிய உளியால் அடித்து இறக்குவார்கள். மேலே எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவார்கள். திரி தளர்ந்தால் நீர் புகும். அளவுக்கு மீறி இறுக்கினால் பலகை ஊறிப் பருக்கும்போது மூட்டே பிளந்துவிடும். அந்த நிதானம் கையில் படிய வருடங்கள் பிடிக்கும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கிய பின் அத்திலாந்திக்கைத் தாண்டி 1938இல் மசாசுசெட்சின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. மரக்கலத்தின் மூட்டுகளுக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேண்டுமா?

ஓட்டையைக் கண்டுபிடிப்பது அடைப்பதைவிடக் கடினம். வள்ளத்தைக் கரையேற்றி, உள்ளே தண்ணீர் ஊற்றி, வெளியே கசியும் இடத்தில் கரியால் கோடு போடுவது பழைய வழி. வெயிலில் நாட்கணக்காகக் கிடந்த மர வள்ளம் முதல் நாள் கண்டபடி ஒழுகும். பலகை ஊறியதும் பாதி ஒழுக்கு தானாக நின்றுவிடும். அவசரக்காரன்தான் அன்றே உளியைத் தூக்குவான்.

1958 முதல் அரசு எஞ்சின் படகுகளைப் பரப்பியபோது புதிய தலைவலியும் கூடவே வந்தது. உள்ளே இருக்கும் எஞ்சினிலிருந்து விசிறிக்குப் போகும் தண்டு படகின் உடலைத் துளைத்துத்தான் வெளியேற வேண்டும். கிரீஸ் தோய்ந்த கயிற்றை அந்தத் துளையில் சுற்றித் திணித்து இறுக்குவார்கள். ஓடும்போது சில சொட்டு விழலாம், விழவும் வேண்டும். முற்றாக இறுக்கினால் தண்டு சூடேறித் தேயும். எஞ்சினின் அதிர்வோ பழைய மூட்டுகளையும் ஆட்டிவிடும். ஆகவே பழைய மோட்டார் படகில் முதலில் கைவைத்துப் பார்க்கவேண்டிய இடம் தண்டு வெளியேறும் துளை.

பிறகு பைபர் என்ற கண்ணாடியிழைப் படகு வந்தது. நோர்வே உதவியில் காரைநகரில் எழுந்த சீநோர் படகுத்தளம் வடக்கில் அதைப் பரப்பியது. மூட்டே இல்லாத உடலுக்குக் கலப்பற்று எதற்கு? உளிகள் மூலைக்குப் போயின.

ஆனால் பைபரும் ஒழுகும். வறட்சியில் குளம் வற்றும்போது கல்லிலும் மணலிலும் இழுத்து இழுத்து அடிப்பாகம் தேய்கிறது. நீருக்குள் நிற்கும் பட்ட மரக்கட்டையில் மோதினால் மயிரிழை வெடிப்பு விழும். வெளிஎஞ்சின் பூட்டியிருந்தால் பின்பலகையின் போல்ட் துளைகளையும் பார்க்கவேண்டும். கடலிலாவது, உள்ளே தேங்கிய நீரை நாக்கில் வைத்தால் மழையா ஒழுக்கா என்று தெரியும். மாத்தளைக் குளத்தில் அந்த வசதியும் இல்லை. வெடிப்பைச் சுற்றி அகலமாகத் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, கண்ணாடியிழைப் பாயை ரெசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டுவதுதான் பரிகாரம். பலர் உலரவிடும் வேலையைத்தான் சுருக்குகிறார்கள். ஈரத்தின் மேல் ஒட்டிய பாய் அடுத்த பருவத்தில் உரிந்து வரும்.